சங்குப்பிட்டியில் ஒரு புதன் மாலை: பலத்த சோளகத்தில் ஓடிய பாய்ப்படகுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

சோளகம் எனும் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் நிற்கும் ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், வட இலங்கையின் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு மேற்கே நான்கு பாய்ப்படகுகள் மாலை ஓட்டத்துக்கு இறங்கின. பச்சைப் படகு தொடக்கக் கோட்டோடு திரும்பிவிட்டது. சிவப்புப் படகு இரண்டாம் சுற்றில் மஞ்சள் படகோடு மோதி, பிறகு கவிழ்ந்து, பாய்மரம் சேற்றில் குத்தியபடி நின்றது. பின்விளிம்பு வெடித்த மஞ்சள் படகு முதலாவதாக வந்து சேர்ந்தது. வெள்ளைப் படகு வெகுநேரம் கழித்து, முகமலர்ச்சியோடு வந்தது. யாருக்கும் காயமில்லை.

வார நாள் மாலையில் பரிசு, பணம் எதுவுமில்லாமல் ஓடும் ஓட்டம் இது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். பெரிய போட்டிகளில் பல காவல் படகுகளும் நடுவர்களும் இருப்பார்கள். நம்மிடம் இருப்பது ஒரு மோட்டார்ப் படகும் ஓட்டுபவர்களின் புத்தியும்தான். நான் அன்று கோட்டில் நின்று நேரமும் காற்றும் குறித்தேன். பிறகு நான்கு படகுக்காரர்களிடமும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டேன். பலத்த காற்றில் ஒரு படகோட்டி எந்தத் திருப்பத்தைச் செய்கிறார் என்பதைவிட, எந்தத் திருப்பத்தைச் செய்யாமல் விடுகிறார் என்பதே அவருடைய ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. அன்றைய சம்பவங்களை அந்தக் கண்ணோடுதான் கீழே பார்க்கிறேன்.

களமும் காற்றும்

பூநகரியையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பிரிக்கும் கடனீரேரியின் ஒடுங்கிய இடம் சங்குப்பிட்டி–கேரதீவு. முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்த இடம். 288 மீற்றர் நீளமான பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலத்தின் இரு முனையிலிருந்தும் கரைவரை கற்கள் அடுக்கிய அணைவீதி போகிறது. வீதியில் வாகனத்தில் போகிறவருக்கு அந்தக் கற்கள் கண்ணில் படுவதில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றில் படகை இழந்தவருக்கு முதலில் தெரிவது அவைதான். காற்று தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் இடம் அதுவே.

ஏரி ஆழமில்லாதது. நாங்கள் ஓடும் பகுதியில் பெரும்பாலும் ஆள் ஆழம், சில இடங்களில் அதற்கும் குறைவு. அடியில் இளகிய சேறு. தெற்கே பூநகரிக் கரையோரம் சிறகுவலைகள் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் கம்புகளையோ வலையையோ தொட்ட படகு அந்தக் கணமே ஓட்டத்தை விட்டு விலக வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. வலை ஒருவருடைய சாப்பாடு. நாங்கள் ஓடுவது ஒரு மாலைப் பொழுதுக்காக. இந்த விதியில் விவாதத்துக்கு இடமே இல்லை.

இந்தப் பக்கத்துக் காற்றின் பலத்துக்கு ஊரிலேயே சாட்சி உண்டு. பளையில் காற்றாலைகள் 2014 முதல் சுழல்கின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு ‘தம்பபவனி’ 2020இல் திறக்கப்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் பகலில் ஏறி, பின்னேரம் முறுக்கிக்கொண்டு அடிக்கும். அன்று 4.30 மணிக்குக் கையிலிருந்த கருவி மணிக்கு 30 கிலோமீற்றர் காட்டியது. 5.10க்கு ஓட்டம் தொடங்கியபோது 35. இரண்டாம் சுற்றில் 42, இடையிடையே வந்த வீச்சில் 50. வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே 35இலிருந்து 50க்குப் போன காற்று, பாயை ஏறத்தாழ இரண்டு மடங்கு பலத்தோடு தள்ளியது. எண்ணைப் பார்த்தால் பாதிக்கும் குறைவான உயர்வு போலத் தோன்றும். கையில் பாய்க்கயிறு பிடித்தவர்தான் வித்தியாசத்தை உணர்வார்.

இன்னொன்றும் நடந்தது. தொடங்கும்போது தென்மேற்கும் மேற்கும் கலந்த திசையில் இருந்த காற்று, மெல்ல மெல்ல மேற்குக்குத் திரும்பிக் கச்சானாகியது. காற்றை நோக்கி நின்று பார்த்தால், அது வலப்பக்கம் நகர்ந்தது. இந்த நகர்வு பிறகு முக்கியமாகிறது.

படகுகள்

நான்கும் கொழும்பிலிருந்து பழையதாக வாங்கிய ‘என்டர்பிரைஸ்’ வகைப் படகுகள். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. நீளம் 4.04 மீற்றர், இருவர் ஓட்டுவது. பெரிய பாய், முன்பாய் இரண்டும் சேர்ந்து 10.5 சதுர மீற்றர். இந்த வகையின் நீலப் பாய் உலகெங்கும் ஒரே நிறம் என்பதால், உடற்பகுதியின் நிறத்தைக் கொண்டே படகுகளைக் குறிப்பிடுகிறேன். நடுவில் ஏற்றி இறக்கக்கூடிய பலகை உண்டு. கம்பியில் தொங்கிப் பாரம் கொடுக்கும் வசதி இல்லை. காலைப் பட்டியில் மாட்டி, உடம்பை வெளியே சாய்த்துத்தான் படகை நிமிர்த்த வேண்டும்.

வெள்ளைப் படகில் அறுபதைத் தாண்டிய கடற்றொழிலாளர் ஒருவரும் அவருடைய மருமகனும் இருந்தார்கள். 1990களில் வன்னிக்கு எரிபொருள் வருவதே அரிதாகி, இயந்திரங்கள் சும்மா கிடந்த காலத்தில் பாய் கட்டித் தொழில் செய்தவர் பெரியவர். மஞ்சளில் அக்கா, தங்கை இருவர். அக்கா சுக்கானில். சிவப்பில் இரண்டு இளைஞர்கள். வேகத்தில் அவர்களை மிஞ்ச எங்களில் யாருமில்லை. பச்சையில் இரண்டு ஆசிரியர்கள்.

தடம் எளிமையானது. அணைவீதியிலிருந்து 250 மீற்றர் மேற்கே தொடக்கக் கோடும் கீழ்க்குறியும். அங்கிருந்து காற்றை நோக்கி 800 மீற்றரில் மேற்குறி. குறிகளை இடப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்று. குறி என்றால் கல்லில் கட்டி மிதக்கவிட்ட பிளாஸ்டிக் கான். காவலுக்கு 15 குதிரைவலு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழை மீன்பிடிப் படகு ஒன்று.

காற்றுக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என மாறி மாறி ஏற வேண்டும். படகின் முன்பகுதியான அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பக்கம் மாற்றுவதை இங்கே முகத்திருப்பம் என்கிறேன். காற்றோடு ஓடும்போது பின்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பாயை மறுபக்கம் மாற்றுவது பின்திருப்பம். முதலாவதில் பாய் படபடத்து வலுவிழந்து மாறும். இரண்டாவதில் முழுக் காற்றோடு ஒரே வீச்சில் மாறும். தலையைத் தாழ்த்தாதவரைப் பாயின் அடிக்கோல் அடித்துவிடும்.

பச்சைப் படகு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். காற்று அதிகம் என்று கண்ட ஆசிரியர்கள் முன்பாயை இறக்கிவிட்டுப் பெரிய பாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாயைக் குறைக்க நினைத்தது சரி. குறைத்த பாய் பிழை. முன்பாய் போனதும் பாயின் தள்ளுவிசை பின்னுக்குப் போய், படகு ஓயாமல் காற்றை நோக்கியே மூக்கைத் திருப்பும். முகத்திருப்பத்தில் அணியத்தை மறுபக்கம் தள்ளிவிட எதுவும் இல்லாமல் போகும். அப்படியே கோட்டருகில் காற்றுக்கு நேரே மாட்டி, பின்னோக்கி மிதந்து அணைவீதிப் பக்கம் போனது. காவல் படகு கட்டி இழுத்துக் கரையில் விட்டது. இரண்டு பாயையும் வைத்துக்கொண்டு, கயிறுகளை இறுக்கிப் பெரிய பாயைத் தட்டையாக்கி, மேல்நுனியில் காற்று வழிந்து போகவிடுவது இந்த வகைப் படகுக்கு நல்ல வழி. வீச்சு வரும்போது முதலில் பெரிய பாயைத் தளர்த்த வேண்டும்.

ஓட்டத்தை விட்டுத் திரும்புவது வெட்கம் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சி. ஓடுவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகுக்கே உரியது என்று உலகப் பாய்ப்படகு விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

தொடக்கமும் முதல் ஏற்றமும்

சிவப்பு முழு வேகத்தில் கோட்டின் இடமுனையில் நேரத்துக்குக் கடந்தது. அழகான தொடக்கம். மஞ்சள் அதற்குப் பின்னால் நடுவில். வெள்ளை வேண்டுமென்றே பதினைந்து விநாடி பிந்திக் கோட்டின் வலமுனையில் கடந்து, உடனே முகம் திருப்பி, திறந்த ஏரிப் பக்கம் தனியே போனது. பிறகு கேட்டபோது பெரியவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. கோட்டில் நெருங்கி நிற்கும் படகுகள் பாயைத் தளரவிட்டு நிற்கின்றன, நிற்கும் படகுக்குச் சுக்கான் கேட்காது, சுக்கான் கேட்காத படகுக்குப் பக்கத்தில் தான் ஏன் நிற்க வேண்டும் என்றார்.

இடப்பக்கம், அதாவது பூநகரிக் கரையோரம், தண்ணீர் தட்டையாக இருந்தது. அலை எழும்ப அங்கே தூரமில்லை. ஆனால் பனைகளையும் வெளிகளையும் கடந்து வரும் காற்று துண்டு துண்டாக வீசும். வலப்பக்கம் அலை அதிகம், காற்று சீர். சிவப்பு இடப்பக்கத்தைத் தேர்ந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் முகம் திருப்பியது. சிறகுவலைகளுக்கு விலகுவதற்காகவும் திருப்பியது. முதல் ஏற்றத்தில் எட்டுத் திருப்பம். மென்காற்றில் இது கெட்டித்தனம். காற்று சற்றே திசைமாறும் ஒவ்வொரு முறையும் சாதகமான பக்கம் திரும்பினால் தூரம் குறையும். பலத்த காற்றில் கணக்கு மாறிவிடும். அலையில் முகம் திருப்பும் படகு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஒரு திருப்பத்துக்கு மூன்று படகு நீளம், அதாவது 12 மீற்றர் போகும் என்பது என் மதிப்பு. எட்டுத் திருப்பத்தில் கிட்டத்தட்ட நூறு மீற்றர்.

வெள்ளை இரண்டே திருப்பத்தில் ஏறியது. மேற்குறியைப் பிடிக்கத் தேவையானதைவிடச் சற்று அதிகமாகவே வலப்பக்கம் போய்த் திரும்பியது. பாடப்புத்தகம் இதை வீண்தூரம் என்னும். ஆனால் மிகச் சரியான கோட்டில் வந்து, குறியருகில் ஒரு வீச்சில் கீழே தள்ளப்பட்டு, இன்னும் இரண்டு திருப்பம் போட வேண்டி வந்தால் இழப்பு அதைவிடப் பெரிது. குறி ஓரத்துத் திருப்பம்தான் மிக ஆபத்தானதும்கூட. மற்றப் படகுகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன.

இருந்தும் மேற்குறியைச் சிவப்புதான் முதலில் சுற்றியது. அதன் பின்னால் ஐந்து படகு நீளத்தில் வெள்ளை, பிறகு மஞ்சள். தட்டைத் தண்ணீரில் சிவப்பின் வேகம் அவ்வளவு. அந்த வெற்றிதான் இரண்டாம் சுற்றிலும் அதே வழியில் போகச் சொல்லியது என்று நினைக்கிறேன்.

இறக்கம்

மேற்குறியில் காற்றை விட்டு விலகித் திரும்பும் கணம் பற்றி ஒரு சொல். அடிக்கோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு, ஏறும்போது இறுக்கமாக இருக்க வேண்டும். அதே இறுக்கத்தோடு கீழே திரும்பினால், சாய்ந்த படகின் அடிக்கோல் நுனி தண்ணீரைத் தொடும். தொட்டபின் பாயைத் தளர்த்த முடியாது. தண்ணீர் கோலைப் பிடித்துக்கொள்ளும், படகு அதன்மேல் சுற்றிக் கவிழும். மூன்று படகும் அந்தக் கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தான் திரும்பின. நல்ல பழக்கம்.

இறங்கும் வழியில் ஒருமுறையாவது பாயின் பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். மஞ்சள் ஓர் அலையின் முதுகில் சறுக்கி, முழு வேகம் வந்த நொடியில் பின்திரும்பியது. பயந்தவர் வேகம் குறைந்த பிறகு திருப்புவார். அது நேர்மாறான பிழை. படகு காற்றோடு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, பாயில் படும் காற்று அவ்வளவு குறைவு. 40 கிலோமீற்றர் காற்றில் 18இல் ஓடும் படகின் பாய்க்குத் தெரிவது 22 மட்டுமே. நடுப்பலகையைப் பாதி தூக்கியிருந்தார்கள். முழுதும் இறங்கிய பலகை தண்ணீரில் ஊன்றிக்கொண்டு படகைத் தடுக்கிவிடும். முழுதும் தூக்கினால் படகு உருளும். தங்கை எண்ண, அக்கா திருப்ப, ஒரு பிசகுமில்லை.

வெள்ளையில் நடந்த பேச்சை மருமகன் சொன்னபடி தருகிறேன். “மாமா, பின்னால் திருப்புவோமா?” “வேண்டாம் தம்பி. முகத்தால் போவோம்.” அவ்வளவுதான். பாயை இழுத்து, படகைக் காற்றை நோக்கி ஏற்றி, ஒரு முகத்திருப்பம் போட்டு, மறுபக்கம் விழுந்து மறுபடி இறங்கினார்கள். பார்க்க ஒரு வட்டம் போட்டதுபோல இருக்கும். இருபத்தைந்து மீற்றர் போனது. மஞ்சள் அவர்களைத் தாண்டியது. பெரியவருக்கு அதில் ஒரு கவலையுமில்லை. முழங்கால் முன்போல வளையாது, படகின் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு நொடியில் பாய முடியாது, அதனால் பின்திருப்பம் தனக்கு இந்தக் காற்றில் இல்லை என்று கரையிலேயே முடிவெடுத்திருந்தார். நீரில் இறங்கும் முன்பே ஒரு திருப்பத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிய மனிதருக்கு, நீரில் யோசிக்க வேண்டியது ஒன்று குறைவு. அன்றைய மாலையின் மிகச் சிறந்த தந்திரம் இதுவே என்று நான் துணிந்து சொல்வேன்.

மோதல்

கீழ்க்குறியைச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்ற வரிசையில் சுற்றினார்கள். காற்று 42க்கு ஏறியிருந்தது. கச்சானும் தொடங்கிவிட்டது. காற்று வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும் வேளையில் வலப்பக்கம் போனவருக்கே லாபம். மஞ்சளின் அக்கா, பாலத்தில் கட்டியிருந்த துணியின் திசையைக் கீழ்க்குறியில் கவனித்து, வலப்பக்கம் போனார். சிவப்பு மறுபடி இடப்பக்கம்.

ஏற்றத்தின் பாதியைத் தாண்டிய இடத்தில், இடப்பக்கத்திலிருந்து சிவப்பும் வலப்பக்கத்திலிருந்து மஞ்சளும் குறுக்கே சந்தித்தன. வலக்கைப் பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கே வழி. அது மஞ்சள். சிவப்பு விலக வேண்டும். இரண்டும் மணிக்கு 9 கிலோமீற்றரில், ஒன்றுக்கொன்று செங்குத்தான கோட்டில் வந்தன. அப்படி வரும்போது இடைவெளி விநாடிக்கு மூன்றரை மீற்றருக்கு மேல் குறைகிறது. சிவப்பின் முன்னவர் மஞ்சளைக் கண்டது ஏறத்தாழ 30 மீற்றரில் என்கிறார். அதாவது கையில் இருந்தது எட்டு விநாடி.

ஏன் அவ்வளவு பிந்திக் கண்டார்கள்? இரண்டு படகிலும் இருவரும் காற்று வரும் பக்கம் வெளியே சாய்ந்திருந்தார்கள். எதிர்ப்படகு வந்ததோ பாயின் மறைவுப் பக்கத்திலிருந்து. மென்காற்றில் யாராவது உள்ளே வந்து முன்பாயின் கீழால் குனிந்து பார்ப்பார்கள். பலத்த காற்றில் உள்ளே வந்தால் படகு சாயும், வேகம் போகும், அதனால் யாரும் வர விரும்புவதில்லை. காற்று கூடக் கூடப் பார்வை குறைகிறது, எட்டு விநாடியில் செய்ய வேண்டியது கூடுகிறது.

சிவப்பு, மஞ்சளின் பின்பக்கத்தால் போக முடிவு செய்தது. முடிவில் பிழையில்லை, செய்த வரிசையில்தான் பிழை. சுக்கான் பிடித்தவர் அதை இழுத்தார், ஆனால் பெரிய பாய் இறுக்கிக் கட்டியபடியே இருந்தது. அந்தக் கணத்தில் ஒரு வீச்சு. படகு சாய்ந்தது. சாய்ந்த படகின் சுக்கான் பாதி தண்ணீருக்கு வெளியே. இறுக்கிய பெரிய பாய் படகைக் காற்றை நோக்கித் தள்ள, வெளியே வந்த சுக்கானால் அதை மறுக்க முடியவில்லை. விலகத் தொடங்கிய படகு, விலக மறுத்து, நேரே போய் மஞ்சளின் பின்மூலையில் இடித்தது.

பின்பக்கத்தால் போவதற்கு வரிசை இது: முதலில் பெரிய பாயைக் கை நீளத்துக்குத் தாராளமாகத் தளர்த்த வேண்டும், பிறகு உடம்பால் படகை நிமிர்த்த வேண்டும், கடைசியில்தான் சுக்கான். அப்படிச் செய்தால் படகு வெண்ணெயில் கத்தி போலத் திரும்பும். இளைஞர்கள் இருவருக்கும் இது தெரியும். தெரிந்ததை எட்டு விநாடிக்குள், களைத்த கையால், கயிற்றை, அதைத் தன் பற்களால் கவ்விப் பிடித்திருந்த கொக்கியிலிருந்து விடுவித்துச் செய்ய வேண்டியிருந்தது. கயிற்றைக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள் என்பது நான் கேட்டதில் மிக முக்கியமான விவரம். பலத்த காற்றில் பெரிய பாயின் கயிறு கையில்தான் இருக்க வேண்டும்.

வேறு இரண்டு வழிகளும் இருந்தன. பத்துப் படகு நீளம் முன்பாகவே முகம் திருப்பி, மஞ்சளோடு ஒரே பக்கம் ஓடியிருக்கலாம். அல்லது கத்திக் கேட்டிருக்கலாம். வார நாள் ஓட்டத்தில், வழி உரிமையுள்ள படகு “போங்கள்” என்று கை காட்டித் தான் இரண்டு மீற்றர் விலகுவது எங்களுக்குள் வழக்கம்தான். மஞ்சளின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வழி உரிமை இருந்தாலும், எதிர்ப்படகு விலகவில்லை என்பது தெளிவானதும் மோதலைத் தவிர்க்க இயன்றதைச் செய்வது அதன் கடமை. அக்கா கடைசி நொடியில் படகைக் காற்றை நோக்கி ஏற்றினார். இடி நடுவயிற்றில் விழாமல் பின்மூலையில் விழுந்தது அதனால்தான். தங்கை நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

தண்டனைத் திருப்பம்

சிவப்பு தவறை உடனே ஏற்றுக்கொண்டது. விதிப்படி தண்டனை, ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முகத்திருப்பமும் ஒரு பின்திருப்பமும் உண்டு. அதாவது, அன்றைய காற்றில் பெரியவர் ஒருமுறைகூடச் செய்ய மறுத்த திருப்பத்தை, மோதிப் பதறிய இரண்டு இளைஞர்கள், வேகமில்லாத படகில், இரண்டுமுறை செய்ய வேண்டும். முகத்திருப்பம் சரியாகப் போனது. முதல் பின்திருப்பத்தில் 50 கிலோமீற்றர் வீச்சில் அடிக்கோல் பறந்து மறுபக்கம் அடிக்க, படகு கவிழ்ந்து, சில நொடியில் தலைகீழானது.

நேர்மையாக நடந்தவர்களை விதியே கவிழ்த்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. விதி பிழை என்று சொல்ல மாட்டேன். உலக விதிகளிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. ஓட்ட அறிவிப்பில் முன்பே குறிப்பிட்டிருந்தால், தவறிய படகு மஞ்சள் கொடி காட்டித் தொடர்ந்து ஓடலாம், முடிவில் சில இடங்களை இழக்கும். எங்கள் அறிவிப்பில் அது இருக்கவில்லை. பெரிய சேதம் ஏற்படுத்திய படகு சுற்றிப் பயனில்லை, விலகியே ஆக வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் மஞ்சளின் சேதம் எவ்வளவு என்று அந்தக் கணத்தில் சிவப்புக்கு எப்படித் தெரியும்?

கவிழ்ந்த பிறகு

சுக்கான் பிடித்தவர் பாய்க்கு அடியில் மாட்டினார். தண்ணீரில் விரிந்து கிடக்கும் பாயை உள்ளேயிருந்து கையால் மேலே தள்ளினால் மூச்சுவிட ஒரு குமிழ் இடம் கிடைக்கும். பிறகு பாயின் தையலைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் போனால் விளிம்பு வரும். பயிற்சியில் சொன்னதை அவர் அப்படியே செய்தார். உயிர்காப்பு அங்கி இல்லாமல் எங்கள் ஓட்டத்தில் யாரும் இறங்குவதில்லை. அன்று அது வேலை செய்தது.

வெள்ளைப் படகு அறுபது மீற்றர் தள்ளி வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஓட்டத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார். பாய்களைத் தளர்த்தி, முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, படகை ஏறத்தாழ நிறுத்தி, கவிழ்ந்த படகுக்கு அருகில், ஆனால் அதைத் தொடாமல் நின்றார். முதலில் செய்தது தலைகளை எண்ணியது. ஒன்று. சில நொடி கழித்து இரண்டு. அதன்பிறகுதான் பேசினாராம்: “படகை விடாதீர்கள். நீந்த வேண்டாம்.” ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி செய்வது ஒவ்வொரு படகின் கடமை என்பதே பாய்ப்படகு விதிநூலின் முதல் விதி. அதற்காக இழந்த இடத்தைத் திருப்பிக் கேட்கவும் விதி இடம் தருகிறது.

காவல் படகு கீழ்க்குறியில் நின்றிருந்தது. கற்களுக்கு அருகில் நிற்பதே பாதுகாப்பு என்று அங்கே நிறுத்துவது வழக்கம். அலையை எதிர்த்து மேலே வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தலைகீழான படகின் பாய்மர நுனி சேற்றில் ஊன்றிவிட்டது. அதனால் படகு மிதந்து போகவில்லை. அப்படிப் போயிருந்தால் என்ன என்று கணக்குப் பார்ப்பது நல்லது. கவிழ்ந்த படகு மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் மிதந்தாலும் நிமிடத்துக்கு 31 மீற்றர் போகும். கீழ்க்குறியில் கவிழ்ந்தால் அணைவீதிக் கற்களுக்கு எட்டு நிமிடம். வேகம் இரண்டானால் நான்கு.

சேற்றில் ஊன்றிய பாய்மரத்தை இயந்திரத்தின் பலத்தால் பக்கவாட்டில் இழுத்தால் மரம் முறியும். காவல் படகுக்காரர் அதை அறிந்தவர். அணியத்தில் கயிறு கட்டிக் காற்றை நோக்கி மெதுவாகத் திருப்பிப் பிடித்தார். இளைஞர் இருவரும் படகின் அடிமேல் ஏறி, நடுப்பலகையின் விளிம்பில் பாரம் கொடுத்தார்கள். மரம் போன வழியாகவே சேற்றிலிருந்து வழுக்கி வெளியே வந்தது. பாய்க்கயிறுகள் எல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நிமிர்த்தினார்கள். இறுக்கிய பாயோடு நிமிர்த்தினால் படகு ஓடத் தொடங்கும், அல்லது மறுபக்கம் விழும். எல்லாம் முடிந்தபோது 6.10. ஜூலையில் இங்கே சூரியன் ஆறரை மணியளவில் மறையும், அந்தி நீளாது.

மஞ்சள், தன் பின்விளிம்பில் விரல் நீளத்துக்கு வெடிப்போடு ஓட்டத்தை முடித்திருந்தது. உள்ளே தண்ணீர் வரவில்லை. வெள்ளை, சிவப்பு நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, மிச்சத் தடத்தையும் ஓடி முடித்தது.

என்ன மாற்றினோம்

கீழ்க்குறியை அணைவீதியிலிருந்து 500 மீற்றருக்கு நகர்த்தியிருக்கிறோம். காவல் படகு இப்போது தடத்தின் மேற்பாதியில் நிற்கிறது. மேலேயிருந்து கீழே காற்றோடு வருவது, கீழேயிருந்து மேலே அலையை உடைத்துப் போவதைவிட மிக விரைவு. 5.15க்குப் பிறகு தொடக்கமில்லை. முன்பாய்களில் கண்ணாடித் தாள் சன்னல் தைத்தாகிவிட்டது. பழைய பாய்களில் அது கிழிந்துபோய்த் துணியால் அடைத்திருந்தது. மூன்று படகில் வேலை முடிந்தது, பச்சைக்கு இன்னும் தைக்கவில்லை.

தண்டனை பற்றித்தான் நீண்ட விவாதம். கருவி 35 கிலோமீற்றருக்கு மேல் காட்டும் நாளில் சுற்றுத் தண்டனை இல்லை, கொடி காட்டி இரண்டு இடம் இழப்பது போதும் என்று எழுதிவைத்தோம். இதை எதிர்த்தவர்கள் சிவப்புப் படகின் இளைஞர்களே. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவறிய படகு முன்னால் நின்றுகொண்டே தொடர்ந்து ஓடினால், மற்றவருடைய காற்றை மறைக்கும், வழியையும் மறிக்கும். தண்டனை நீரிலேயே முடிந்தால்தான் ஓட்டம் ஓட்டமாக இருக்கும் என்கிறார்கள். அதற்கு நான் முன்வைத்திருப்பது நடுவழி ஒன்று: தவறிய படகு ஒரு முகத்திருப்பம் மட்டும் போட்டு, மற்றப் படகு தாண்டும்வரை பாயைத் தளர்த்தி நிற்க வேண்டும். பின்திருப்பம் வேண்டாம். மென்காற்று நாள் ஒன்றில் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சோளகத்துக்கு முன் முடிவு செய்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.